அத்தையின் பெயரில் ஒரு கிளி

கன்வாஸ் துணியில் பெருக்கல் குறி போட்டுத் தைப்பதைக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். சல்லடை போல ஓட்டை ஓட்டையாக இருக்கும் துணி அது. ஒரு ஓட்டையில் ஏறி, எதிர்மூலையில் இறங்கி, அதன்மேல் குறுக்கே இன்னொரு தையல். இப்படியே ஆங்கில எழுத்துகளையும், கீழே ஒரு சிலுவையையும் போட்டுவிட்டால் பாடம் முடிந்தது. மற்ற பெண்கள் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு ராயபுரம் கடற்கரையில் விளையாடப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் கிளி போட வேண்டும் என்று ஆசை.

எழுத்துக்கு மூலை உண்டு, கிளிக்கு ஏது? பெருக்கல் குறியில் நான் போட்ட முதல் கிளி படிக்கட்டு படிக்கட்டாக வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா அதைப் பார்த்து, "நம்ம கிரேன் மாதிரியே கீதும்மா" என்று மனதாரப் பாராட்டினார். நான் அழுதுவிட்டேன்.

வழி மாதா கோயிலில் கிடைத்தது. பீடத்துக்கு முன்னால் முழந்தாளிடும் மெத்தையில் யாரோ ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி கம்பளி நூலால் ரோஜாப்பூ போட்டுக் கொடுத்திருந்தாள். ஒரு மூலையில் அடித்துணி பிரிந்திருந்தது. ஜெபம் செய்கிற பாவனையில் குனிந்து உள்ளே பார்த்தேன். பெருக்கல் குறியே இல்லை. எல்லாம் ஒற்றைச் சாய்வுத் தையல், அரிசி அரிசியாக. வெளிர்சிவப்பு கருஞ்சிவப்பாக மாறும் இடத்தில் இரண்டு நிற நூலும் ஒரே ஊசியில் போயிருந்தன. அன்று நான் அவ்வளவு நேரம் முழந்தாளில் இருந்ததைப் பார்த்துப் பங்குச்சாமியாரே அம்மாவிடம் என் பக்தியைப் புகழ்ந்தாராம்.

அதற்குப்பிறகு என்னோடு சேர்ந்து துணியோடு மல்லுக்கட்டியது அத்தைதான். அப்பாவின் தங்கை. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் பள்ளிக்கூடம் பக்கமே போகாமல் அடுப்படியில் வளர்ந்தவள். ஊசியில் நூல் கோக்க வராது. ஆனால் சாய்வுத் தையல் இழுத்து இழுத்துத் துணி கோணிக்கொண்டபோது, அதை நனைத்து நேராக்கிப் பலகையில் ஆணியடித்துக் காயவைத்தது அவள். பச்சை நூல் தீர்ந்தபோது தன்னிடமிருந்த ஒரே கம்பளிச் சால்வையைப் பிரித்துக் கொடுத்தவளும் அவள். கொய்யாக்கிளையில் உட்கார்ந்த கிளி ஒருவழியாக முடிந்தது. இறக்கையில் பச்சை மெல்ல மெல்ல மஞ்சளாக மாறியது.

அந்தச் சமயத்தில்தான் அத்தைக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ரயில் பட்டறையில் பிட்டர். அவர் அம்மா கோயில்களுக்குப் பீடத்துணியும் பூசை அங்கியும் தைத்துக் கொடுப்பவர். மருமகளுக்கு ஊசி வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். அம்மா சுவரில் என் கிளியைச் சட்டம் போடாமல் அப்படியே மாட்டினாள்.

"இது அத்தை போட்டதுன்னு சொல்வோம். நீ வாயத் தொறக்காத, இன்னா?" என்றாள் என்னிடம்.

அத்தை தலையைக் குனிந்துகொண்டு, வருகிறவர்களுக்காக மாவைச் சோழி சோழியாகச் சுருட்டிக் கல்கல் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தாள். வேண்டாமென்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளை மீசையை அடிக்கடி தொட்டுக்கொண்டார். கல்கல்லைக் கடித்துப் பார்த்து, "இது நீங்க செஞ்சதா?" என்று மெதுவாகக் கேட்டார். "அது நான் செஞ்சதுதான்" என்றாள் அத்தை. அந்த 'அது'வில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது. அவர் சிரித்தார். அத்தையும் சிரித்தாள். அத்தைக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அவருடைய அம்மா அதற்குள் கிளியைச் சுவரிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பின்பக்கம் கூட எவ்ளோ சுத்தமா கீது பாருடா!" என்று மகனிடம் காட்டினார். பிறகு அத்தையின் கன்னத்தை வழித்தார். "இத நான் எட்துக்கினு போறேம்மா. எங்க வூட்ல மாட்டறேன். எப்படியும் நீ அங்கதானே வரப்போற."

துணியை இரண்டாக மடித்தார். கிளியின் கழுத்து மடிந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ஆனால் கண்ணீரைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லியிருக்கவில்லையே. கதவோரம் நின்றிருந்த என்னை அத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்தாள்.

"அது நான் போட்டதில்லீங்கம்மா. எங்க அண்ணன் பொண்ணு போட்டது. அதோ, அழுதுகினு நிக்குதே, அதுதான். எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூட வராது."

அந்த அம்மா துணியை விரித்து, மடிப்பைக் கையால் நீவி, என்னிடம் கொடுத்தார். "நல்லா போட்டுக்கீற கண்ணு" என்றார். காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார். சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்தார். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவர் அம்மா அதற்குள் வாசலில் இறங்கிவிட்டார்.

தகவல் எதுவும் வரவில்லை. வெகுகாலம் கழித்து அரக்கோணத்தில், மனைவியை இழந்த ஒருவருக்கு அத்தை வாழ்க்கைப்பட்டாள். அவரும் நல்லவர்தான்.

அவர்கள் கிளம்பிப் போன அன்று அம்மா உள்ளே பாத்திரங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தை மட்டும் தெருவாசலில் நின்று, ஜட்கா மாதா கோயில் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். மறைந்த பிறகும் நின்றாள். குதிரையைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். வெள்ளைக் குதிரை, நெற்றியில் சிவப்புக் குஞ்சம் கட்டியிருந்தார்கள்.

நான் ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்ததாக மயில் போடப்போகிறேன், தோகைக்கு மூன்று நீலம் வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். "போடு கண்ணு, போடு" என்று என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அவள் வயிறு லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். என் கிளி எனக்கே திரும்பி வந்ததில் அத்தைக்கு என்னைவிடச் சந்தோஷம் என்று எண்ணிக்கொண்டேன்.