மிதித்தால் நிற்கும் வைப்பர்

போன வருடம் மே மாதம், ஒஸ்லோவில் என் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். ஹொல்ம்லியா பகுதியில் இருக்கும் வீட்டிலிருந்து மேட்டில் இருக்கும் தேவாலயத்துக்கு அவளைக் கூட்டிப்போகும் பொறுப்பு என்னுடையது. பாதிரியார் சுவாமிக்கு அதன்பிறகு அடுத்த பூசை இருந்தது. பிந்தினால் பாட்டுகளை வெட்டுவேன் என்று முதலே சொல்லியிருந்தார்.

ஐம்பதுகளில் செய்த அமெரிக்கக் காரில் போக வேண்டும் என்பது மருமகளின் ஆசை. கூரை மடிக்கிற கார் என்றுதான் நான் பேசி வைத்தேன். வந்ததோ கூரை மடியாத இரண்டு கதவுக் கார். காரின் சொந்தக்காரி அறுபது வயது மதிக்கத்தக்க நோர்வேஜியப் பெண். "இதென்ன ஏமாற்று?" என்று பாய்ந்தேன். மற்றக் கார் பழுது, இதில் பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவில் தூண் இல்லை, கண்ணாடிகளை இறக்கினால் பக்கம் முழுக்கத் திறந்துவிடும் என்றார். இறக்கியும் காட்டினார். அந்த நேரம் பார்த்து மழை தொடங்கியது.

"கூரை இருக்கிறது நல்லதாப் போச்சு மாமா, ஏறுங்கோ" என்று மருமகள் சிரித்தாள்.

முன் இருக்கையின் முதுகை மடக்கி, சேலையோடு அவளையும் அக்காவையும் பின்னால் ஏற்றவே நேரம் போய்விட்டது. முன்னுக்கு வாங்கு மாதிரி ஒரே நீள இருக்கைதான்; காரை ஓட்டிய சொந்தக்காரிக்குப் பக்கத்தில் நான். இருக்கைப் பட்டி கிடையாது. கியர் ஸ்டியரிங் தண்டில் இருந்தது.

ஏற்றம் வந்தது, மழையும் கூடியது. கார் ஊர்ந்தது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

"காஸ் கொடுங்கோ!" என்று கத்தினேன்.

"கொடுத்தால் வைப்பர் நிற்கும்" என்றார் அவர்.

"சாட்டுச் சொல்லாமல் மிதியுங்கோ!"

"ஸ்லாப் ஆவ், ஆறுதலா இருங்கோ மாமா! அவ காரை ஓடட்டும், சும்மா இருங்கோ" என்றாள் மருமகள். நான் விடவில்லை. கடைசியில் அவர் மிதித்தார்.

வைப்பர் கண்ணாடியின் பாதியில் நின்றது. முன்னால் வெறும் தண்ணீர். அவர் காலை எடுத்தார். வைப்பர் படக்கென்று ஓடியது. நேர் முன்னால், பாதசாரிக் கடவையில், பிள்ளைத் தள்ளுவண்டியோடு ஒரு பெண்.

அவர் பிரேக்கைக் குத்தினார். கார் ஒரு பக்கம் இழுபட்டு, முதல் வெள்ளைக் கோட்டில் நின்றது. அந்தப் பெண் எங்களை முறைத்துவிட்டுப் போனாள்.

பிறகுதான் சொந்தக்காரி விளக்கினார். அந்த வைப்பருக்கு மோட்டார் இல்லையாம். எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற இழுவையில்தான் ஓடுமாம். காஸ் கொடுத்தால் இழுவை குறைந்துவிடும், காலைத் தூக்கினால் திரும்ப ஓடும். மிச்ச ஏற்றத்தைக் கொஞ்சம் மிதித்து, கொஞ்சம் விட்டு, பார்த்துப் பார்த்து ஏறினார்.

பிந்தித்தான் போனோம். சுவாமி சொன்னபடியே இரண்டு பாட்டை வெட்டினார். "திரும்பிப் போகேக்கை மாமா ரெயினிலை வரட்டும்" என்று மருமகள் எல்லோருக்கும் முன்னால் சொன்னாள். சனம் சிரித்தது. எனக்கு நல்லாய் வேண்டும்.

இப்போதும் எனக்குச் சட்டென்று கோபம் வரும். ஆனால் ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கு முன்னால் என்ன தெரிகிறது என்று கேட்காமல் நான் கத்துவதில்லை, அந்தத் தள்ளுவண்டி கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.