அடைப்புக்குள் ஓர் எம்.ஏ.

வின்சன்ட் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தான். எங்கள் மாம்புரியில் மற்றவர்கள் கரைவலை இழுத்தார்கள், தென்னைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், மிளகாய் நட்டார்கள். வின்சன்ட் இதைச் செய்தான். இதையும் செய்யவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவன் வீட்டுப் படலையில் ஒரு பலகை தொங்கியது. பெயர், பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ., அதற்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எம்.ஏ. நண்டின் இரண்டு கொடுக்குகளுக்கு நடுவில் அகப்பட்டதுபோல அந்த எழுத்துகள் நின்றன. அடைப்பு எதற்கு என்று கேட்டவர்களுக்கு, "நடந்துகொண்டிருக்குது எண்டு அர்த்தம்" என்பான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் மரியாதை அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது.

பி.ஏ.யை இந்தியாவில், இரண்டாம் தரம் எழுதித்தான் எடுத்தான். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன் ஊருக்குத் திரும்பியவன், அதே சர்வகலாசாலையில் எம்.ஏ.க்குப் பதிந்துகொண்டு, வீட்டிலிருந்தே ஆய்வு எழுதுகிறேன் என்று கதிரையில் உட்கார்ந்தான். ஆய்வுப் பொருளைப் பற்றி அவன் கதைத்து நான் கேட்டதில்லை. விதிகளைப் பற்றித்தான் கதைப்பான். தலைப்பை அவர்கள் அங்கீகரிக்க வேண்டும். மேற்பார்க்கப் பேராசிரியர் ஒருவர் வேண்டும். வருஷத்துக்கொரு தரம் முன்னேற்றம் அறிவிக்க வேண்டும். அங்கீகரித்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் எழுதிமுடித்து அனுப்ப வேண்டும். பிறகு நேரில் போய்க் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பூசையில் செபம் சொல்வதுபோல இவற்றை ஒழுங்கு பிசகாமல் சொல்வான். செபம் சொல்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்களாக இருப்பதில்லை.

சர்வகலாசாலை விதித்தது போதாதென்று வீட்டுக்கும் விதிகள் போட்டான். மத்தியானம் வரை ஆராய்ச்சி நேரம். அதுவரைக்கும் உரல் இடிக்கக்கூடாது, கோழி கத்தக்கூடாது. கோழிகளை அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தங்கச்சி அல்பொன்சாவை முடிந்தது. தகப்பன் விட்டுப்போன தென்னந்தோட்டம்தான் தாயோடு சேர்த்து மூன்று பேருக்கும் சோறு போட்டது. அதற்குத் தண்ணீர் இறைத்தவள் அல்பொன்சா. இறைத்துவிட்டு, அரிசியைச் சுளகில் எடுத்துக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் கொல்லைக்கு வந்து எங்கள் உரலில் இடிப்பாள். பேதுருவும் அங்கேதான் மீன் கொண்டு வருவான். எங்கள் வீட்டில் அவ்வளவு மீன் யாரும் கேட்டதில்லை.

பேதுரு கரைவலைக்காரன். பெரிய வீரனில்லை. பேசும்போது கொஞ்சம் திக்கும், சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வான். ஆனால் அவளைப் பார்க்கும்போது வேறு எதையும் பார்க்கமாட்டான். நான் ஜன்னலுக்குப் பின்னால் புத்தகத்தோடு இருப்பேன். உலக்கை விழுந்து எழும் இடைவெளிக்குள் அவர்கள் ஒன்றிரண்டு சொல்லைப் போட்டுக்கொள்வார்கள். புத்தகத்தில் இருந்த கவிதைகளைவிட அவை சிக்கனமாக இருந்தன.

பேதுருவின் மாமி பெண் கேட்டு வந்தபோது வின்சன்ட் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"கரைவலைக்காரனா? எம்.ஏ. ஒருத்தன்ட தங்கச்சிக்கா?"

"நீங்க இன்னும் எம்.ஏ. ஆகல்லயே, தம்பி" என்றாள் மாமி.

"ஆகினாப் பிறகு வாற மாப்பிள்ளைகள் வேற."

தாய் கத்தரினா அம்மாவுக்கு மகன் சொன்னது வேதவாக்கு. "மகன் சொல்றதும் சரிதானே" என்று வெற்றிலைத் தட்டை மாமியின் பக்கம் தள்ளினாள். கதை முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

மாமி போனபிறகு அல்பொன்சா கேட்டாள். அவள் அழவில்லை என்று என் அம்மா சொன்னாள்.

"எனக்கு ஒரு வார்த்தை தாங்க, அண்ணே. நீங்க எழுதி அனுப்பின பிறகும் நான் பேதுருவத்தான் கட்டுவன் எண்டு சொன்னா, மறிக்கப்படாது."

வின்சன்டுக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது. "ஆய்வு கப்பல் ஏறின அண்டைக்கே உன்ட விருப்பப்படி செய்யிறன். அதுவரைக்கும் இந்த வீட்டில கலியாணக் கதை எடுக்கப்படாது. என்ட மனம் குழம்பும்."

அவள் ஓம் என்றாள். பேதுருவும் ஓம் என்றான். அவர்களுடைய கலியாணம் அந்த ஆய்வின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் போய் நின்றது.

முதல் தலைப்பு பழைய தமிழ்ப் பாட்டுகளில் வரும் துறைமுகங்கள். மூன்று வருஷம் முடியும் தறுவாயில், தலைப்பு மாறிவிட்டது என்றான். இரண்டாம் தலைப்பு கரையோரப் பேச்சில் கலந்த போர்த்துக்கேயச் சொற்கள். ஊர் முழுவதும் சர்வகலாசாலையைத் திட்டியது. "அங்க இருக்கிறவங்களுக்கு இரக்கம் இல்ல. பொடியன எப்பிடி அலைக்கழிக்கிறாங்க, பாருங்க" என்று கத்தரினா அம்மா தலவில் கோயில் திருவிழாவில் சந்த அன்னம்மாளுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். அல்பொன்சாவும் கொளுத்தினாள். பேராசிரியரின் மனம் இளக வேண்டும் என்று முகம் தெரியாத ஒருவருக்காக ஒரு குடும்பமே முழந்தாளில் நின்றது. வின்சன்ட் பக்கத்தில் நின்று வேர்வையைத் துடைத்தான்.

பிறகு யுத்தம் வந்தது. அதனால் சந்தோஷப்பட்ட ஒருவனை எனக்குத் தெரியும். கடிதம் பிந்தினால் யுத்தம், புத்தகம் வராவிட்டால் யுத்தம். சோளகக் காற்றில் மேசைத்தாள் பறந்தால்கூட யுத்தம் என்றிருப்பான்.

கற்பிட்டியில் மஹ்ரூப் நானாவின் கடை தபால் கந்தோருக்கு அருகில். ஒருநாள் நான் சாமான் வாங்கிக்கொண்டு நின்றபோது வின்சன்ட் கடிதம் பார்க்க வந்தான்.

"என்ன தொர, அந்தக் கிதாபு எங்கட மௌத்துக்கு முந்தி வெளிய வருமா?"

"நானா, உயர்ந்த படிப்பு கருவாடு இல்ல, வெயில்ல போட்டு எடுக்க."

"கருவாட்டயாவது தின்னலாம் தொர. இத என்ன செய்யிற?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வின்சன்டும் சிரித்தான். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று விளங்காதது அவனுக்குக் கிடைத்த பெரிய வரம்.

இரண்டாம் தலைப்பின் தவணையும் முடியப்போனது. இந்த முறை ஆய்வு போய்விடும் என்று எல்லோரும் நம்பினோம். அல்பொன்சா எங்கள் தையல் மெசினில் வெள்ளைச் சட்டை தைக்கத் தொடங்கியிருந்தாள். அது என்ன சட்டை என்று யாரும் கேட்கவில்லை.

அவள் அந்தச் சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் வின்சன்ட் கற்பிட்டியிலிருந்து திரும்பி வந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான். முகம் விடிந்திருந்தது. பேதுருவும் அங்கே இருந்தான், கையில் பாரை மீன் குட்டிகளோடு.

"அனுப்பியாச்சா, அண்ணே?" அவள் சட்டையைக் கீழே வைத்தாள்.

"அனுமதி வந்திட்டுது."

"என்ன அனுமதி?"

"தலைப்பு மாத்த. இனி அம்பாப் பாட்டு. வலை இழுக்கக்குள்ள படிக்கிற பாட்டு. பேதுரு, நீயும் எனக்கு ரெண்டு பாட்டு சொல்லித் தரலாம்." கடற்கரைக்குப் போனால் சப்பாத்துக்குள் மணல் போகும் என்று போகாத மனிதன் இவன்.

"திரும்பவும் மாத்தச் சொல்லிட்டாங்களா? அந்தப் பேராசிரியருக்கு நெஞ்சில என்ன இருக்கு?"

"அவர் ஏன் சொல்றார்? நான்தான் கேட்டன்." அவனுக்குப் பெருமை பொறுக்கவில்லை. "சட்டத்த ஒழுங்கா வாசிக்க வேணும், பிள்ளை. தலைப்பு மாறினா மூண்டு வருஷமும் திரும்ப முதல்ல இருந்து. கனபேருக்கு இது தெரியாது. தவணை தப்பினவன் எண்டு என்ன ஒருத்தனும் சொல்ல ஏலாது."

"முந்தினதும் நீங்க கேட்டதுதானா?"

"ஓம். பின்ன?"

பேதுரு வாயைத் திறந்தான். திக்கியது. மூடிக்கொண்டான். அல்பொன்சா சட்டையை எடுத்து மிச்சக் கையையும் தைத்து முடித்தாள். சக்கரம் சுற்றும் சத்தத்துக்கு மேல் வின்சன்ட் இன்னும் கொஞ்ச நேரம் அம்பாப் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றான்.

அடுத்த நாள் பூசை முடிந்ததும் அவளும் பேதுருவும் பங்குச் சுவாமியிடம் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கலியாண ஓலை வாசித்தாயிற்று. மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். அதற்குள் தடை தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். வின்சன்ட் அன்று மத்தியானமே கோட்டு போட்டுக்கொண்டு சுவாமி இருக்கும் மிசன் வீட்டுக்கு வந்தான். நான் அங்கே கிழிந்த பூசைப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"சுவாமி, இத நிப்பாட்ட வேணும்."

"உக்காரும். ரெண்டு பேருக்கும் இடையில முறை தப்பா?"

"இல்ல சுவாமி."

"பேதுரு வேற எங்கயும் கட்டியிருக்கிறானா?"

"அவனையா? இல்ல."

"அவளுக்கு வயசு காணாதா?"

"வயசு எப்பவோ காணும்."

"அப்ப தடை என்ன?"

வின்சன்ட் கழுத்துப் பட்டியைச் சரி செய்தான். "என்ட ஆராய்ச்சி முடியல்ல, சுவாமி. ரெண்டாம் ஓலையயும் மூண்டாம் ஓலையயும் ஒத்திவைக்கச் சொல்லி விண்ணப்பிக்கிறன். நியாயமான காரணம் இருந்தா எங்கட சர்வகலாசாலை தவணை நீட்டும்."

"தம்பி, அவள் ஆறு வருஷம் உமக்கு நீட்டித் தந்திட்டாள். வீட்ட போம்."

வெளியே வந்தவன் என்னிடம், "இவருக்கு நடைமுறை தெரியாது" என்றான். நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

கத்தரினா அம்மா முதல் இரண்டு கிழமையும் மகனோடு வீட்டில் இருந்தாள். மூன்றாம் ஞாயிறு தனியாகக் கோயிலுக்கு வந்து அல்பொன்சாவுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பெயர்களை வாசித்தபோது தாய் முக்காட்டை மகள் பக்கமாக இழுத்து, அவள் தோளையும் சேர்த்து மூடினாள்.

கலியாணத்தன்று விடியவே வின்சன்ட் கோட்டு, பட்டி, சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு முன் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்தான். தகப்பன் இல்லாத வீட்டில் பெண்ணைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது மூத்த அண்ணன். வந்து கெஞ்சுவாள், கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு எழும்பலாம் என்று இருந்தான். எங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே அது தெரிந்தது. வெள்ளைச் சட்டையில் அல்பொன்சா வெளியே வந்தாள். கத்தரினா அம்மா அவள் கையைப் பிடித்தாள். இருவரும் அவனுடைய கதிரையைக் கடந்து, படலையைத் திறந்துகொண்டு, மணல் ஒழுங்கையில் நடந்து போனார்கள். ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

கோயில் முடிந்து, சாப்பாடு பேதுரு வீட்டில். நாங்கள் சாப்பிட்டுத் திரும்பியபோதும் அவன் அந்தக் கோட்டோடு உட்கார்ந்திருந்தான். வெயில் விறாந்தைக்குள் ஏறி முழங்கால் வரைக்கும் வந்திருந்தது. பேதுருவின் மாமி மூடிய தட்டோடு வந்து அவனுக்கு முன்னால் வைத்தாள்.

"தங்கச்சி ஏதும் சொல்லிவிட்டாளா?" என்று கேட்டான்.

"ஓம். ஆற முந்தி சாப்பிடச் சொன்னாள்."

அவன் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டான். மூடியைத் திறந்து முதலில் இறைச்சியைப் பொறுக்கித் தின்றான்.