ஆள் குறைந்தும் குறையாத பெட்டிகள்

கல்லூரியில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் இறுதிநிலை. "டேய், இறுதிநிலை வருதுடா" என்று ஒருத்தன் குரல் கொடுத்தால் போதும், வராந்தாவில் நிற்கிற கூட்டம் கலைந்துவிடும். பொருளாதார வாத்தியார். எந்த வகுப்புக்குப் போனாலும், எதைப் பற்றி ஆரம்பித்தாலும், அரை மணிக்குள் அந்த ஒரு வார்த்தைக்கு வந்து நிற்பார். பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் பதினோராவதாக ஒருத்தன் சேர்ந்தால் உற்பத்தி எவ்வளவு கூடுகிறதோ, அதுதான் அவனுடைய இறுதிநிலை உற்பத்தி. அதுவேதான் அவனுக்கு நியாயமான கூலி. அவன் கூட்டிக் கொடுக்கிறதற்கு மேல் கேட்டால் அது பேராசை, கீழே கொடுத்தால் பக்கத்துக் கம்பெனிக்காரன் கூப்பிட்டுக்கொள்வான். ஆக, யாரும் யாரையும் ஏய்க்க முடியாது. சுபம்!

கம்பெனி என்பது பூதம் இல்லை என்பார். ஆயிரம் பேர் தனித்தனியாக அலைந்து பேரம் பேசிக்கொண்டிருக்காமல் ஒரே கூரைக்கு அடியில் செய்துகொண்ட ஏற்பாடு, அவ்வளவுதான். லாபம் என்பது துணிந்து பணம் போட்டவனுக்குக் கிடைக்கிற கூலி. இதைச் சொல்லும்போது மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பச்சைக் குழந்தை தூக்கத்தில் சிரிக்கிற மாதிரி இருக்கும்.

ஏன் அப்படி மயங்கினார் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா போனபோது அவருக்குப் பதினொரு வயசு, அக்காவுக்குப் பதினேழு. அம்மா அதற்கும் முன்னாலேயே இல்லை. அக்கா சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். தம்பி படித்தான். அக்காவுக்கு வந்த வரன்கள் எல்லாம் "இவன் படிப்பு முடியட்டும்" என்று தள்ளிப்போய்த் தள்ளிப்போய், பிறகு வருவதே நின்றுபோனது. இப்படி ஒருத்தி தோளில் ஏறி மேலே வந்தவனுக்கு ராத்திரி தூக்கம் வர வேண்டாமா? யாரும் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை, அவரவர் அவரவருக்குப் பிடித்ததைத்தான் செய்கிறார்கள் என்று சொல்லும் ஒரு பாடம் கையில் கிடைத்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஒருநாள் அக்காவிடமே சொல்லியிருக்கிறார், கேளுங்கள் கூத்தை.

"நீ என்னைப் படிக்க வெச்சேன்னு எல்லாரும் சொல்றாங்கக்கா. ஆனா யோசிச்சுப் பாரு, உனக்கு அதுல ஒரு திருப்தி கெடைச்சுது. அதனால செஞ்சே. வேற எதுலயாவது இதைவிட அதிகமா கெடைச்சிருந்தா அதைச் செஞ்சிருப்பே."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்படியாடா? இதைச் சொல்றதுக்கா உனக்கு அத்தனை புஸ்தகம்?" என்றாள். அதோடு மறந்தும் போனாள். அவருக்குத்தான் இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

அவருக்கு நாற்பத்தைந்து வயசு நடக்கும்போது அந்த சோப்புக் கம்பெனியை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. புது மேலாளராக வந்தவர் வாத்தியாரின் பழைய மாணவர், அதுவும் முதல் பெஞ்சு. வந்த வாரமே கல்லூரிக்கு வந்து வணக்கம் சொல்லிவிட்டு, "சார், நீங்க போர்டுல போடுவீங்களே, அதை எங்க பேக்கிங் செக்‌ஷன்ல நிஜமாவே அளந்து பாக்கலாமா? எந்த ஆளால எவ்வளவு கூடுதுன்னு தெரிஞ்சா சம்பளம் நியாயமா இருக்கான்னு சொல்லிடலாம்" என்றார்.

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருஷமாகச் சாக்பீஸில் வரைந்த கோடு, முதல்முறையாக ரத்தமும் சதையுமாக வரப்போகிறது! ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பேர் எதுவும் வேண்டாம். டோக்கன் நம்பர் மட்டும் குடுங்க. எங்க அக்கா அங்கதான் வேலை பாக்கறாங்க. பேர் தெரிஞ்சா என் கை கோணிடும்."

எப்பேர்ப்பட்ட நேர்மை! நானும் அதை நேர்மை என்றுதான் சொல்வேன். ஆனால் முப்பத்து நாலு வருஷமாக அக்காவின் கழுத்தில் தொங்கிய அட்டையில் என்ன நம்பர் இருந்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் அல்லவா மறைக்க வேண்டும்?

அளந்த விதம் எளிதானது. ஒவ்வொரு டோக்கனும் லீவு போட்ட நாட்களை எடுத்துக்கொண்டார். அந்த நாட்களில் சாயங்காலம் எத்தனை பெட்டி நிரம்பியது, மற்ற நாட்களில் எத்தனை என்று பார்த்தார். ஆள் வராத நாளில் பெட்டி குறைந்தால், குறைந்தது அந்த ஆளின் பங்கு. இரண்டு வருஷப் பதிவேடு. ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்தார். முடிவில் பதினாலு டோக்கன்கள் தனியாக வந்து நின்றன. அவர்கள் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். பெட்டி ஒன்றுகூடக் குறையவில்லை. இந்தப் பதினாலு பேரின் இறுதிநிலை உற்பத்தி பூஜ்யம் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கே அவர் வீட்டு வாசலில் நின்றாள். கல்லூரிக்கு அன்று லீவு. அக்காவின் கையில் ஸ்டூலில் போட்டு உட்காரும் சின்ன மெத்தை இருந்தது.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன. வேலைதான் போச்சு. பதினாலு பேரை அனுப்பிட்டாங்கடா. யாரோ பெரிய படிப்பு படிச்ச ஆளாம், நாங்க இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்னு கணக்குப் போட்டுக் குடுத்திருக்கான். அந்தப் பாவி நாங்க சோப்பு எடுத்து அடுக்கற பெல்ட் பக்கம் வந்து ஒரு நாள் நின்னு பாத்திருப்பானா?"

வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நீ லீவு போட்டப்ப பெட்டி குறையலையாமே?" என்றார். இது உனக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்கவில்லை. அவள் கோபத்தில் இருந்தாள்.

"எப்படிடா குறையும்? குறைய விட்டாத்தானே? பெட்டி குறைஞ்சா சூப்பர்வைசர் அடுத்த தடவை லீவு தர மாட்டான். அதனால ஒருத்தி வரலைன்னா ரெண்டு பக்கத்துக்காரியும் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவ பங்கையும் எடுத்துக்குவாங்க. டீக்குப் போக மாட்டாங்க. ஒண்ணுக்குக்கூடப் போகாம அடக்கிட்டு உக்காந்திருப்பாங்க. எல்லாருக்கும் இப்படிச் செய்ய மாட்டாங்க, அதையும் சொல்லிடறேன். மூஞ்சியத் தூக்கிட்டு இருக்கறவ லீவு போட்டா, போடி உன் பாடு உன்னோடன்னு விட்டுடுவாங்க. எனக்குன்னா அத்தனை பேரும் ஓடி வருவாளுங்க."

கேட்கக் கேட்க அவருக்குத் தன் கணக்கின் ஓட்டை தெரிந்தது. மற்றவை மாறாதிருந்தால், மற்றவை மாறாதிருந்தால் என்று ஒவ்வொரு விதிக்கும் முன்னால் எழுதிப் போட்டவர். பெல்ட்டில் இருந்த மற்றவர்கள் மாறாமலா இருந்தார்கள்? ஒருத்தி வராத நாளில் கை இரண்டையும் நாலாக்கிக்கொண்டு உழைத்தார்கள். யாருக்காக மற்றவர்கள் உயிரைக் கொடுத்து உழைத்தார்களோ, அவர்களாகப் பார்த்து அவருடைய கணக்கு பொறுக்கி எடுத்திருந்தது. சிடுமூஞ்சிகளெல்லாம் தப்பித்துவிட்டார்கள்.

"ரெண்டு வருஷத்துல அப்படி எத்தனை லீவுக்கா போட்டே?" என்றார் மெதுவாக.

"என்ன பெரிய லீவு? உன் பொண்ணு டைபாய்டுல கெடந்தப்ப ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில இருந்தேன். உன் மாமியார் தவறினப்ப வீட்டைப் பாத்துக்க நாலு நாள். அப்புறம் உனக்கு மேடையில பரிசு குடுத்தாங்களே, அன்னைக்கு ஒரு நாள். வேற நான் எங்கடா போறேன்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வீட்டில் வேறு யாரும் இல்லை. மனைவி கடைக்குப் போயிருந்தாள், மகள் பள்ளிக்கூடத்தில். 'அந்தப் பாவி நான்தான்கா' என்று மூன்றே வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அக்காவே முந்திக்கொண்டாள்.

"நீ ஒரு லெட்டர் எழுதிக் குடுடா. அந்தக் கணக்கு தப்புன்னு, இப்ப நான் சொன்னேனே, அதையெல்லாம் நல்லா எழுது. நான் கொண்டுபோய்க் குடுக்கறேன்."

எழுதினார். தன் கணக்கைத் தானே எழுதி வெட்டினார். அதுவும் எப்படி! எங்கே ஓட்டை, எங்கே உளுத்திருக்கிறது என்று அவருக்குத்தானே தெரியும்? அவர் வாழ்நாளில் எழுதியதிலேயே சுத்தமான இரண்டு பக்கம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். அக்கா கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"நீயும் ஒண்ணு போடேன். காலேஜ் வாத்தியார்னா கொஞ்சம் மதிப்பாங்க."

"வேண்டாம்க்கா. குடும்பத்து ஆள் போட்டா எடுபடாது."

அக்கா அதையும் நம்பினாள். மறுநாள் காலையில் போனவள் மத்தியானம் வந்தாள். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "பாக்கறேன்னு சொன்னாங்க" என்றாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அடுப்பில் வேலை இருக்கிறது என்று போய்விட்டாள்.

மூன்று மாதம் கழித்து மேலாளர் போன் பண்ணினார். "சார், உங்க ரிப்போர்ட் மேலிடத்துல ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஒரே ஒரு விஷயம் மட்டும் புரியல. இப்பல்லாம் யாராவது ஒருத்தங்க லீவு போட்டா உடனே பெட்டி குறையுது. அதனால பழைய ஆளுங்களையே கான்ட்ராக்ட்ல எடுத்துட்டோம். பாதிச் சம்பளம், லீவு கெடையாது. உங்க அக்காவும் வந்துட்டாங்க. யாரையும் கட்டாயப்படுத்தல சார், அவங்களா விரும்பித்தான் வராங்க. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

தான் ஊட்டிய சோற்றைத் தன் வாயிலேயே திருப்பி ஊட்டினால் எப்படி விழுங்குவது? "ம்" என்றார். அந்த மாணவர் கெட்டவர் இல்லை என்பதுதான் இதில் கொடுமை. சொல்லிக் கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் படித்த பிள்ளை.

ரிப்போர்ட் கட்டுரையாயிற்று, கட்டுரை அவரைத் துறைத் தலைவராக்கிற்று. வகுப்பில் அதே கோட்டைத்தான் வரைந்தார். ஒருமுறை பின் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "சார், ஒருத்தர் வரலைன்னா மத்தவங்க சேத்துச் செஞ்சுட்டா?" என்று கேட்டாள். "அது பாடத்துல இல்லம்மா, உக்காரு" என்றார். அன்றைக்கு முழுக்க அவருக்கு மனசே சரியில்லை. வீட்டுக்கு வந்து காரணமில்லாமல் மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

அக்கா முன்போலத்தான் வந்து போனாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும். முன்போலத்தான் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு காகிதத்தைக்கூட அவரிடம் படித்துக் காட்டச் சொல்லிக் கொண்டு வரவில்லை. வங்கிக் கடிதம், வீட்டு ஒப்பந்தம் எல்லாவற்றையும் எதிர்வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது, நமக்கும் வேலை அதிகம் என்று இவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அவளுக்குத் தெரியாமலே போகட்டும் என்று ஒரு பக்கம், ஒருநாள் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஒரு பக்கம். நாளை, நாளை என்று ஏழு வருஷம் ஓட்டினார்.

ஐம்பத்திரண்டாவது வயசில் அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. விழித்திரை கிழிந்துவிட்டதாம். ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து நாள் குப்புறத்தான் படுத்திருக்க வேண்டும், தலையைத் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் அதற்கென்றே முகம் வைக்க ஓட்டை விட்ட கட்டில். கட்டுப்போடாத கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சதுரத் தரைதான். காலையிலிருந்து யார் வந்தாலும் செருப்பைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தார். வீட்டில் யார் படுத்தாலும் முதல் ஆளாக வந்து நிற்கிற அக்கா அன்று பகல் முழுவதும் வரவில்லை.

ஆறரை மணிக்குமேல் ஒரு ஜோடிக் கால்கள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றன. விரல் இடுக்கெல்லாம் சோப்புத்தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"மன்னிச்சுக்கடா தம்பி. காலையிலயே வரணும்னுதான் பாத்தேன். கான்ட்ராக்ட்காரங்க லீவு போட்டா மறுநாள் வேற ஆளை உக்கார வெச்சுடறாங்க. முன்ன மாதிரி பங்கு போட்டுக்கவும் யாரும் இல்ல. அந்தப் புள்ளைங்களுக்கு ஒருத்தி பேர் ஒருத்திக்குத் தெரியாது. வலிக்குதா?"

இவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்தபோது அவருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தால் அன்றும் சொல்லியிருக்க மாட்டார். அந்தக் கால்களைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா, அந்தக் கணக்கைப் போட்டது நான்தான்."

பக்கத்துப் படுக்கைக்காரர் இருமினார். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தெரியும்டா" என்றாள். "லெட்டர் கொண்டுபோன அன்னைக்கே அந்த மேலாளர் காட்டினாரு. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"ஏன்கா கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன். முதல் ஒரு வருஷம் பாத்தேன். அப்புறம் எனக்கே அலுத்துப்போச்சு."

அவர் அழக்கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா அவர் முதுகில் ஒருமுறை கையை வைத்துவிட்டு எடுத்தாள். பிறகு மணி கேட்டாள். காலை ஷிஃப்டுக்கு ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும், நாளைக்கும் வர முடியாது, ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.