அம்மா பேசிய கேசட்

முதலில் தந்தி வந்தது, அம்மா போய்விட்டாள் என்று. அதற்கடுத்த கப்பலில் அம்மா பேசிய கேசட் வந்து சேர்ந்தது. எழுபதுகளில் ரங்கத் என்ற தீவு ஊரில் இருந்த எங்களுக்கு, எழுதத் தெரியாத சொந்தக்காரர்கள் மெயின்லேண்டிலிருந்து இப்படித்தான் பேசி அனுப்புவார்கள். நாங்களும் பேசி அனுப்புவோம். இந்த முறை பதில் பேசி அனுப்பினால் கேட்க ஆளில்லை.

இரண்டு மழைக்காலம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்தத் தீவு ஈரம் எதை விட்டுவைத்தது? செருப்பில் பூஞ்சை, பெல்ட்டில் பூஞ்சை, கடைசியில் கேசட்டிலும் பூஞ்சை. அம்மாவின் குரல் இழுத்து இழுத்து, யாரோ ஆம்பிளை பேசுவதுபோல் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டேப் ரெக்கார்டரைக் கடலில் வீசியிருப்பேன். என் வீட்டுக்காரர் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

பஜாரில் கடை வைத்திருந்த பாய் கேசட்டைப் பிரித்துத் துடைத்துப் பார்த்தார்.

"கத்தம் ஆகப்போற சாமான் தங்கச்சி. நாடா மேல இருக்கிற பவுடரெல்லாம் உதிருது. இன்னும் ஒருவாட்டி ஓடுனா பெரிசு. அதுலயே காப்பி எடுத்துரணும்."

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும் தன் மெஷினோடு வந்தார். இரண்டையும் இணைக்க ஒயர் கிடையாது. ஒன்றை ஓடவிட்டு, அதன் முன்னால் மற்றதன் மைக்கைப் பிடிக்க வேண்டும். அறையில் என்ன சத்தம் கேட்டாலும் அதுவும் பதிவாகிவிடும். ஜன்னலைச் சாத்தினேன், கோழிகளை விரட்டினேன். வீட்டுக்காரருக்குக் கவலை கோழிகளைப் பற்றி இல்லை.

"நீ கொஞ்சம் வெளிய இரேன்."

"எங்கம்மா பேசறப்ப நான் வெளிய இருக்கணுமா?"

"அப்ப சுப்சாப் உக்காரு. வாயத் திறக்காத."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மாடு கன்று போட்டது, கிணற்றில் தண்ணீர் ஊறியது, அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது என்று அம்மா வழக்கம்போல் சொல்லிக்கொண்டே போனாள். குரல் தெளிவாகவே வந்தது. எனக்கு மைக் மறந்துபோனது.

முடியப்போகிற இடத்தில், "ஏன்டி, சாப்டியா?" என்றாள்.

"சாப்ட்டேம்மா" என்றேன்.

வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். பாய் மைக்கை அசைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பழைய நாடா அறுந்தது. இருந்த ஒரே வாய்ப்பையும் கெடுத்துவிட்டேனே என்று அழுதேன்.

பாய் புதுக் கேசட்டைப் பின்னால் ஓட்டிப் போட்டார். அம்மா கேட்கிறாள், சாப்டியா என்று. சாப்ட்டேம்மா என்கிறேன்.

"சரி, உடம்பப் பாத்துக்க" என்கிறாள் அம்மா.