மினுக்கிய வாள்

பழைய இரும்பைத் துடைத்துப் பிழைக்கிற எங்களைப் போன்றவர்களுக்குப் பாராட்டும் கிடைக்காது, திட்டும் கிடைக்காது, ஏனென்றால் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதே யாருக்கும் தெரியாது. லண்டனில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தின் நிலவறையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். மண்ணிலிருந்து வருகிற இரும்புச் சாமான்கள், அதிலும் முக்கியமாகக் கெல்டிக் வாள்கள், என் மேஜைக்கு வரும். ரோமானியர்கள் இங்கே கால் வைப்பதற்கு முன்னால் இந்த நாட்டிலும், ஐரோப்பாவில் பாதி இடத்திலும் வாழ்ந்த மக்களின் வாள்கள் அவை. நீங்களும் இதேபோல ஏதாவது ஒரு வேலையில் மாட்டிக்கொண்டு, சொந்தக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல முடியாமல் தவிக்கிறவராக இருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

பிள்ளையாருக்கு முன்னால்

விம்பிள்டன் பிள்ளையார் கோவிலில் பிரசாத வரிசையில் நின்றபோது, பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் விசாரணையை ஆரம்பித்தார். மகன் பேங்கில் இருக்கிறானாம், மருமகள் டாக்டராம். எனக்கு எந்த ஊர், கோயம்புத்தூரா, என்ன படிப்பு, உலோகவியல் இன்ஜினியரிங்கா, பேஷ் பேஷ். அப்புறம் என்ன வேலை என்று கேட்டார். எனக்கும் அன்றைக்கு நேரம் இருந்தது, விளக்கமாகவே சொன்னேன். வாளின் மேல் ஏறியிருக்கிற துரு எல்லாமே குப்பை இல்லை. அதில் மர உறையின் ரேகை பதிந்திருக்கும், தோலின் தடம் இருக்கும், சில நேரம் துணியின் நூல்கூட இழை இழையாகத் துருவாகவே மாறி நிற்கும். எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து முடிவு செய்வதுதான் என் வேலை என்றேன்.

அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சுண்டல் கைக்கு வந்ததும் என்னை ஆறுதலாகப் பார்த்துச் சொன்னார்: “அப்போ க்ளீனிங் வேலைன்னு சொல்லும்மா. இதுல என்ன வெட்கம்?”

மேஜை மேல் மூன்று வாள்கள்

வருஷத்துக்கு ஒரு தடவை பொதுமக்களை எங்கள் நிலவறைக்குள் விடுவோம். போன வருஷம் மேஜையில் மூன்று வாள்களை வரிசையாக வைத்திருந்தேன். முதலாவது கெல்டிக் வாள், நீளமானது, இருபக்கமும் கூர். இரண்டாவது ரோமானியக் குதிரை வீரனுடையது. மூன்றாவது அதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பிந்தைய, குறுக்குப் பிடி வைத்த ஒரு பிரபுவின் வாள். ரோமானியக் காலாட்படை குட்டை வாள்தான் வைத்திருந்தது. குதிரை மேலிருந்து அதை வீசினால் எட்டாது. அவர்களிடம் தோற்றுப்போய், பிறகு அவர்கள் படையிலேயே குதிரை ஓட்டிய கெல்டிக் ஆட்களின் நீள வாள்தான் அவர்களுக்கும் கைகொடுத்தது. பின்னால் வந்த வைக்கிங்குகளின் வாள், கவசம் போட்ட வீரர்களின் வாள் என்று ஐரோப்பா முழுக்க நாம் ஓவியங்களில் பார்க்கிற நீள வாள்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இந்த வழியில் வந்தவை. நடுவில் எத்தனையோ கொல்லர்கள் எத்தனையோ மாற்றங்கள் செய்தார்கள், அது வேறு விஷயம்.

இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தபோது, கூட்டத்தில் ஒருவர் மட்டும் போகாமல் நின்றார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வெள்ளைக்காரர். மூன்று வாள்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த ரோமானியர் வரலாற்றுப் பலகையையும் படித்தார். பிறகு சொன்னார்: “அப்படியானால் ஊரையும் பிடித்தார்கள், வாளையும் எடுத்துக்கொண்டார்கள். ஊரைப் பிடித்ததை மட்டும்தான் நீங்கள் பலகையில் எழுதியிருக்கிறீர்கள்.”

பொட்டு வைத்த வாள்

சண்முகநாதன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனிலேயே லூயிஷாமில் இருக்கிறார். கடைகளுக்குக் கதவும் பூட்டும் பொருத்துகிற தொழில், அதனால் ட்ரில் இல்லாமல் வெளியே இறங்க மாட்டார். அவர் வாங்கிய பழைய வீட்டின் மேல்பரணில், செய்தித்தாளில் சுற்றி நீளமாக ஒன்று கிடந்தது. கூடவே ஒரு கடித உறை. ரொம்பக் காலத்துக்கு முன்பு அந்த வீட்டில் இருந்தவர் ஆற்றோரம் சரளைக்கல் தோண்டுகிற வேலை பார்த்தவராம். உறையின் மேல் பென்சிலால், எலும்புகளோடு கிடந்தது என்று மட்டும் எழுதி வைத்திருந்தார். எங்கே, எப்போது, அந்த எலும்புகள் என்ன ஆயின, ஒன்றும் தெரியாது.

அண்ணை அதைக் குளியல் துவாலையில் சுற்றி எங்களிடம் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தேன். அசல் கெல்டிக் வாள். ஆனால் ஒரு பக்கம் புது எவர்சில்வர் தட்டு போலப் பளபளத்தது. பிடியின் அருகில் சந்தனம், அதன் மேல் குங்குமப் பொட்டு. சரஸ்வதி பூசைக்கு வைப்பதற்காக ட்ரில்லில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்து, தேங்காய் எண்ணெயும் தடவியிருக்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாக மண் காப்பாற்றி வைத்திருந்ததை ஒரு மத்தியானத்தில் வழித்து எறிந்துவிட்டார். “ஏனுங்கண்ணா இப்படிப் பண்ணுனீங்க? யார்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?” என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. என் மேலதிகாரி ஹெலன் தன் அறையிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தியிருக்கிறேன். என்னைவிட இருபது வயது மூத்தவர், பள்ளிக்கூடத்தில் அடி வாங்குகிற பிள்ளை மாதிரி நின்றார்.

நான் ஓய்ந்த பிறகு, வாளை மெதுவாகத் திருப்பி வைத்தார். மறுபக்கம் துருவும் மண்ணுமாக அப்படியே இருந்தது. “நல்ல காலம் பிள்ளை, சுவர்ப் பக்கத்தை ஆர் பாக்கப்போயினம் எண்டு விட்டிட்டன்.”

அவர் கேட்ட கேள்வி

வாளை அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். விலை எதுவும் கேட்கவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். இந்த வாளுக்குரிய ஆளை யாராவது முறையாகப் புதைத்தார்களா, இல்லை விழுந்த இடத்திலேயே மண் மூடிவிட்டதா? எலும்புகள் கையில் இல்லாதபோது சொல்வது கஷ்டம் என்றேன். ஒரே ஒரு வழி இருக்கிறது. புதைக்கும்போது வாளைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பது சில இடங்களில் வழக்கம். துணி மக்கிப்போனாலும் அதன் நெசவு துருவில் பதிந்திருக்கலாம். அப்படி இருந்தால், யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, நேரம் எடுத்துச் சுற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். “பின்பக்கம் இருக்குதில்லீங்கண்ணா, நான் பார்த்துச் சொல்றேன்” என்று வாக்குக் கொடுத்தேன்.

எதற்காக இவ்வளவு அக்கறை என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். அவருடைய அண்ணன் ஊரில் போரின் கடைசி நாட்களில் இறந்தவர். தபால் கந்தோரில், அதாவது தபால் ஆபீஸில், வேலை பார்த்தவர், ஆயுதம் தொட்டவர் இல்லை. பதுங்குகுழிக்குப் பக்கத்தில் யார் யாரோ மண்ணைத் தள்ளி மூடினார்களாம். “ஒரு துணி எண்டாலும் போட்டவையோ எண்டு எல்லாரையும் கேட்டுப்போட்டன். ஒருத்தருக்கும் தெரியேல்லை, பிள்ளை.”

கட்டைவிரல் அகலம்

இனி நான் சொல்லப்போவதை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் படித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எங்களுக்கு ஒரு விதி உண்டு. வாளைத் தொடுவதற்கு முன்னால், பக்கவாட்டில் விளக்கை வைத்துப் படம் எடுக்கவேண்டும். சாய்ந்த வெளிச்சத்தில் சின்ன மேடு பள்ளம்கூட நிழல் விழுந்து தெரியும். எடுத்த படங்களைப் பெரிதாக்கி, அங்குலம் அங்குலமாகப் பார்த்த பிறகுதான் கருவியை எடுக்கவேண்டும். நான் படம் எடுத்தேன். பார்க்கத்தான் இல்லை. காரணம், அன்று காலை வந்த எக்ஸ்ரே. பிடிக்குக் கொஞ்சம் கீழே, துருவுக்கு அடியில், கொல்லன் அடித்த முத்திரை ஒன்று மங்கலாகத் தெரிந்தது. சின்னப் பிறை. முத்திரை உள்ள வாள் எங்களுக்கு அடிக்கடி கிடைக்காது. எனக்கு ஆசை வந்துவிட்டது, வேறு ஒன்றும் இல்லை. கண்ணால் பார்த்தபோது அந்த இடத்துத் துரு வெறும் மண்கட்டி மாதிரி இருந்தது. துருவை அரித்தெடுக்க நுண்பொடியைக் காற்றோடு ஊதுகிற பேனா போன்ற கருவியை எடுத்தேன், சாயங்காலத்துக்குள் பிறை வெளியே வந்துவிட்டது. ஹெலன் கைகுலுக்கினார். ஸ்ட்ரெதம் போகிற பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அறிக்கைக்குப் படம் தேடியபோதுதான், சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்திருந்த அந்தப் படத்தைத் திறந்தேன். நான் எடுத்து எறிந்த துருவின் மேல், கட்டைவிரல் அகலத்துக்கு நெசவு. நெடுக்கும் குறுக்குமாக நூல், ஓரத்தில் ஒரு மடிப்பு. வாள் முழுக்கத் தேடினேன், வேறு எங்கும் இல்லை. அந்த ஒரு இடத்தில்தான் இருந்திருக்கிறது. தூள் எல்லாம் தூசி உறிஞ்சும் குழாயில் போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்தப் படத்தை அழித்துவிட்டால் யாருக்குமே தெரியாது என்று நினைத்தேன். விரல் அழிக்கிற பட்டன் மேல் இருந்தது. முத்திரையைக் கண்டுபிடித்தவள் என்ற பெயர் அப்படியே நின்றிருக்கும். ஆனால் படத்தை அழித்தால், சண்முகநாதன் அண்ணைக்கு என்ன பதில் சொல்வது? துணி எதுவும் தெரியவில்லை என்றா? தெரியாது என்கிற பதிலை அவர் ஏற்கனவே ஊரில் எல்லாரிடமிருந்தும் வாங்கிவிட்டாரே. எழுந்து ஹெலன் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், திட்டவில்லை. பதிவேட்டுப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்: “எழுது. நான் இங்கே உட்கார்ந்திருக்கும்போதே எழுது.”

லூயிஷாமில் ஒரு சனிக்கிழமை

படத்தைப் பெரிய தாளில் அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் முகத்தில் சந்தோஷம். “வாங்கோ பிள்ளை, ஏதும் தெரிஞ்சுதோ?” என்றார். செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று பயமாக இருந்தது. “துணி இருந்துச்சுங்கண்ணா. நான் அதைப் பார்க்காம அழிச்சுட்டேன். இந்தப் படம் மட்டும்தான் மிச்சம். அன்னைக்கு உங்களை அத்தனை பேச்சுப் பேசினவ நான்.” மன்னிப்புக் கேட்டேனா என்பதுகூட எனக்கு இப்போது சரியாக நினைவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு, படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். நகத்தால் நூல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார். “அப்ப நான் மினுக்கின பக்கத்திலையும் இருந்திருக்கும், என்ன?” இல்லை என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு தடவை மறைக்கப் பார்த்தவளுக்கு அந்த வழி எங்கே போகும் என்று தெரியும். “இருந்திருக்கலாமுங்கண்ணா” என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நானும் எதிரே உட்கார்ந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு இறந்த மனிதரின் துணியை உருவிவிட்டு, ஒரு வீட்டு ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் அவர் எழுந்து, படத்தைச் சாமி அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். குங்குமம் வைக்கவில்லை. மடிப்பு இருந்த இடத்தில் விரலை வைத்து என்னிடம் சொன்னார்: “ஆரோ துணி போட்டிருக்கினம். ஓரத்தை மடிச்சும் விட்டிருக்கினம். அது போதும் பிள்ளை, அதை வடிவா எழுதிப்போடுங்கோ.”

இப்போதெல்லாம் கோவில் வரிசையில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், க்ளீனிங் வேலைதான், எங்கே நிறுத்துவது என்று இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.