மேல் மடுவத்துச் சண்டைப் பொத்தான்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நிறுவைக் கணக்குக்கான புதிய மென்பொருள் வருவதற்கு முன்னால் தொப்பி வந்தது. தொப்பிக்குப் பின்னால் சுவரொட்டி வந்தது. அதற்குப் பிறகு, நெஞ்சில் குத்திக்கொள்ள வட்ட வட்டமாகச் சின்னங்கள் வந்தன. கருவி மட்டும் வரவில்லை. கூட வந்த சுற்றறிக்கையில் காரணம் எழுதியிருந்தது: முதலில் மனங்கள் தயாராக வேண்டும், கருவிகள் பிறகு வரும்.

நான் தோட்டத்தின் மேல் டிவிசனில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தராசுக்காரன். பெண்கள் மலையில் எடுத்துச் சுமந்து வரும் கொழுந்தை நிறுத்து, ஆளுக்கு ஆள் எழுதிக்கொள்வது என் வேலை. பள்ளிக்கூடம் என்னைச் சீக்கிரமே விட்டுவிட்டது. கடையில் சாமான் சுற்றித் தரும் பத்திரிகைத் தாளை வாசித்துத்தான் மிச்சத்தைப் படித்தேன். வாசிக்கத் தெரிந்தவன், போதாததற்கு வாயும் உள்ளவன் என்று என்னையே எங்கள் டிவிசனுக்கு 'மாற்றத் தூதுவர்' ஆக்கிவிட்டார்கள். தொப்பியில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

அதைப் போட்டுக்கொண்டு நாங்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போனதும் எங்கள் சின்னம்மா பிடித்துக்கொண்டார். கொழுந்து மலையில் அவர் பேசினால் அடுத்த மலைக்கும் சேர்த்துக் கேட்கும்.

“என்னா தூதுவரே, தலைக்கு மட்டுந்தான் குடுத்தாங்களா? தூது போற காலுக்கு ஒரு சப்பாத்து குடுக்கலியா?”

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் சுற்றறிக்கையின் கடைசிப் பத்தி சிரிக்க விடவில்லை. தயார்நிலைச் சோதனையில் தேறாத டிவிசன்களின் மடுவங்கள் மூடப்படும், அவர்களுடைய கொழுந்து இனிமேல் கீழே தொழிற்சாலையில்தான் நிறுக்கப்படும் என்று அதில் இருந்தது. கீழே என்றால் பாசி பிடித்த கல்படிகளில் சாக்கைச் சுமந்துகொண்டு இறங்க வேண்டும்.

என் மனைவியும் அந்த மலையில்தான் கொழுந்து எடுக்கிறாள். போன மழைக்குத் தண்ணீர் ஓடும் கானுக்குள் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுடைய இடது முழங்கால் அவள் பேச்சைக் கேட்பதில்லை. ஏறிவிடுவாள். சுமையோடு இறங்க முடியாது. நான் அந்தப் பத்தியை வாசித்துக் காட்டியதும் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

“அப்ப நான் வேலைய விட்டு நின்னுக்கிற வேண்டியதுதான். நீங்க தொப்பியப் போட்டுக்கிட்டு தனியா போய்ட்டு வாங்க.”

கோபத்தில் சொன்னது போலிருந்தால் பரவாயில்லை. சோற்றுக்கு உலை வைக்கட்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

சோதனையில் தேறியே ஆக வேண்டும். கருவி இல்லாமல் எதை வைத்துப் பழக்குவது? தலைமை அலுவலகம் அனுப்பிய தாளில் திரையின் படம் ஒன்று தீப்பெட்டி அளவில் இருந்தது. தேயிலை அடைக்கும் அட்டைப் பெட்டிகளை வெட்டி, வரப்போகும் டெப் என்ற கைக்கணினி அளவுக்குத் துண்டுகள் செய்தேன். மேலே ஆளின் படத்துக்கு ஒரு கட்டம். அதற்குக் கீழே கிலோ. அதற்குக் கீழே, தண்ணீருக்குக் கழிவு. அடியில் பச்சை நிறத்தில் 'சரி'. பனியில் ஊறாமல் இருக்க மேலே டேப் ஒட்டினேன். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்ததும் எல்லோருக்கும் அட்டை கொடுத்து, அமுக்கப் பழக்கினேன். பனிக்குள் வரிசையாக நின்று பெண்கள் அட்டையை அமுக்குவதைப் பார்த்து, பால் லொறிக்காரர் வண்டியை நிறுத்தி, ஏதும் வேண்டுதலா என்று கேட்டார்.

முதல் நாளே சின்னம்மா அட்டையைத் திருப்பித் தந்துவிட்டார்.

“இந்தாப்பா, கிலோ வருது. தண்ணி கழியுது. சரின்னு அமுக்கணும். சரியில்லன்னா எதை அமுக்கிறது? ஒன் கழுத்தையா?”

கேள்வி நியாயமானது. எங்கள் மடுவத்தில் நிறுவை என்பது பாதி தராசு, பாதி சண்டை. ஈரக் கொழுந்து என்று நான் கழிப்பேன். காய்ந்த கொழுந்து என்று அவர்கள் சொல்வார்கள். நான் தொட்டுப் பார்ப்பேன். மாரியம்மன் மேல் சத்தியம் வரும். நான் கழிவைக் கொஞ்சம் குறைப்பேன். அவர்கள் கொஞ்சம் திட்டுவார்கள். அடுத்த சாக்கு மேலே ஏறும். வெயில் காய்கிற மாதத்தில், கழிக்க ஒன்றுமே இல்லாத நாளிலும்கூட ஒரு வார்த்தை சண்டை போடாமல் யாரும் சாக்கை எடுத்ததில்லை. சண்டை போடாமல் போனவளைப் பார்த்து, “ஏன்டி, காய்ச்சலா?” என்று விசாரிப்பார்கள்.

அதனால் பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு பொத்தான் வரைந்து, 'சண்டை' என்று எழுதினேன். அதை அமுக்கினால் நான் மறுபடி நிறுக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகு பயிற்சி பிடித்துக்கொண்டது. பச்சையை யாரும் சீண்டவே இல்லை. சிவப்பில் மை அழிந்து அழிந்து நான் திரும்பத் திரும்ப வரைந்தேன்.

டிவிசனைப் பார்த்துக்கொள்ளும் கண்டாக்கையா ஒரு நாள் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

“இந்த செவப்பு ஒபிஸ் படத்துல இருந்திச்சா?”

“படம் ரொம்பச் சின்னதுங்கய்யா.”

அவர் என் தொப்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

சோதனைக்கு வந்த அதிகாரி கொழும்பிலிருந்து வந்த சிங்களப் பையன். நல்ல பிள்ளை. தமிழை ஒவ்வொரு சொல்லாகத் துடைத்து எடுத்து வைப்பது போலப் பேசினார். குளிரில் பல் தந்தியடிக்க, உண்மையான டெப் ஒன்றைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். முதல் ஆளாகச் சின்னம்மாவைக் கூப்பிட்டார். அவர் சாக்கைத் தராசில் போட்டார். திரையில் படம் வந்தது, கிலோ வந்தது, கழிவு வந்தது, பச்சை வந்தது. சின்னம்மா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அம்மா, பச்சை அமத்துங்க,” என்றார் அதிகாரி.

“சண்ட எங்க?”

“என்ன?”

“சண்டப் பொத்தான் எங்க மாத்தயா? இது பழைய மெசினா?”

இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணிக்குள் கையை விட்டு அட்டையை எடுத்து அதிகாரியின் மூக்குக்கு நேராகப் பிடித்தார். வரிசையில் நின்ற எல்லோரும் தங்கள் தங்கள் அட்டையை எடுத்தார்கள். அதிகாரி ஒன்றை வாங்கிப் பார்த்தார். பிறகு தன் டெப்பைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

“சேர், அது வெறும் அட்டைங்க,” என்றேன். “நான்தான் வரைஞ்சேன்.”

“தெரியும். மாதிரிதானே. இதோட ஒரிஜினல் எங்க ஓடுது?”

தலைமை அலுவலகத்தின் முன்னால் தலை குனிந்து பழக்கமில்லாத கண்டாக்கையா தொண்டையைச் செருமினார். “மேல் டிவிசன்ல இந்த வேர்சன்தான் சேர் ஓடுது.”

அதிகாரியின் முகம் மாறியது. அவருக்குச் சொல்லாமலே தலைமை அலுவலகத்தில் வாரத்துக்கு ஒரு தடவை எதையாவது மாற்றிவிடுவார்களாம். இரண்டு மாதத்துக்கு முன்னால் இன்னொரு தோட்டத்தில் பழைய வேர்சனோடு போய் நின்று பேச்சு வாங்கியதைப் பிறகு தேநீர் குடிக்கும்போது சொன்னார். அப்போது அட்டையைப் போனில் படம் பிடித்தார். எங்கள் பக்கம் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தாங்கி மேட்டில் மட்டும்தான். அங்கே ஏறிப் போய், பனிக்குள் பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் யாரிடமோ சிங்களத்தில் பேசினார். நாங்கள் கீழே நின்றோம். என் மனைவி சாக்கை இறக்கி வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

“மூடிருவாங்களா?”

“தெரியலம்மா.”

“தெரியாமலா தொப்பி போட்டிருக்கீங்க?”

அதிகாரி இறங்கி வந்தார். அவர் கேட்டதை என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. “சிவப்பு அமத்தினா, மறுபடி யார் நிறுக்கிறது?”

“நான்தாங்க. இங்கேயே.”

“கீழ தொழிற்சாலையில நிறுத்தா என்ன?”

சின்னம்மா முந்திக்கொண்டார். “சண்டைய இங்க போட்டுட்டு நிறுக்கிறதுக்கு அங்க போவமா? அங்க போய்ச் சேர்றதுக்குள்ள கோவம் ஆறிப் போகும் மாத்தயா.”

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். 'கோவம் ஆறிப் போகும்' என்பதைச் சிங்களத்தில் எப்படி எழுதினாரோ தெரியாது. எங்கள் டிவிசனைத் தேறியது என்றும் போடவில்லை, தேறவில்லை என்றும் போடவில்லை. 'வேர்சன் முரண்பாடு, தீரும் வரை நிறுவை இடத்தை மாற்ற வேண்டாம்' என்று போட்டார். போகும்போது அட்டை ஒன்றையும் கேட்டு வாங்கிப் போனார்.

முரண்பாட்டைத் தீர்க்கக் கொழும்பில் பெரிய கூட்டமெல்லாம் நடந்ததாகக் கண்டாக்கையா சொன்னார். கொழுந்துத் தொழிலாளர்களே திரையை வடிவமைத்திருக்கிறார்கள் என்று அங்கே யாரோ கை தட்டினார்களாம். கடைசியில் மென்பொருளையே எங்கள் அட்டைக்கு ஏற்ப மாற்றினார்கள். 'சண்டை' என்று போட அவர்களுக்கு மனம் வரவில்லை. சிவப்புப் பொத்தானில் 'மீள்நிறுவைக் கோரிக்கை' என்று வந்தது. கோரிக்கை எழுந்த இடத்திலேயே மறுபடி நிறுக்க வேண்டும் என்றும், அதனால் மேல் மடுவங்கள் மூடப்படாது என்றும் புதுச் சுற்றறிக்கை வந்தது. அதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். “சரி” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “இன்னொருக்கா வாசிங்க” என்றாள்.

டெப் வந்த வாரம் விடாத தூறல். மனைவி சாக்கைத் தராசில் போட்டாள். கழிவைப் பார்த்தாள். சிவப்பை அமுக்கினாள். திரையில் எழுத்து வந்தது: உங்கள் கோரிக்கை பெறப்பட்டது, நன்றி.

“என்னாங்க, இது நன்றி சொல்லுது.”

“ஆமா.”

“சண்டைக்கு யாராச்சும் நன்றி சொல்வாங்களா? மானங்கெட்ட மெசினு.”

டெப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, சாக்கிலிருந்து ஒரு கை கொழுந்தை அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். “காஞ்ச கொழுந்துங்க இது. மாரியாத்தா சத்தியமா. தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். என் முழங்கை வரை தண்ணீர் வழிந்தது. கழிவில் அரைக் கிலோ குறைத்தேன். அது பத்தாது என்று திட்டிக்கொண்டே, காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து, மறுபடி மலைக்கு ஏறினாள்.