பினாயில் அத்தான்

அக்காவைக் கட்டிய அத்தானுக்கு ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டின் பின்கட்டில் வேலை. விடியும்போதே போய், முந்தைய நாள் விற்காத ரொட்டிகளை உறை பிரித்து, பின்வாசல் குப்பைத் தொட்டியில் கொட்டி, மேலே பினாயில் ஊற்ற வேண்டும். கெட்டுப்போன ரொட்டி இல்லை. தேதி முடிந்தது, அவ்வளவுதான். "பின்வாசல்ல சும்மா கிடைச்சா முன்வாசலுக்கு எவன் வருவான்?" என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஊற்றுகிறாரா என்று பார்க்க மேலே ஒரு கேமரா.

கடையில் அவருக்குப் பினாயில் என்றே பெயர். அக்காவும் கோபம் வந்தால் "பினாயிலாரே, கையக் கழுவிட்டு உக்காருங்க" என்பாள். அத்தான் அசடு வழிவார்.

ஏழு வருஷத்தில் அவர் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. வார விடுமுறையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் அப்பா இறந்த அன்றும் வேலைக்குப் போய்விட்டுத்தான் வந்தார். "எங்கப்பாவைவிட இவருக்கு ரொட்டி பெரிசாப் போச்சு" என்று அக்கா சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னது அவர் காதில் விழுந்தது. மறுநாளும் விடியுமுன் கிளம்பிவிட்டார்.

காரணம் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவர் ஊற்றியது பினாயிலே அல்ல. புட்டியைக் காலி செய்து, பால்பவுடரைத் தண்ணீரில் கரைத்து நிரப்பிக்கொள்வார். கேமராவுக்கு வெள்ளையாகத் தெரிந்தால் போதும். பழைய காகிதம் பொறுக்கும் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு அந்த வழியே வருவாள். "வெள்ளையா இருக்கும், பயப்படாம எடுத்துக்கம்மா" என்று அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். புட்டியின் பழைய நெடி ரொட்டியில் லேசாக ஏறியிருக்கும். அதற்கும் அவர்கள் பழகிவிட்டார்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது ஏழு வயது. பினாயில் வாசனை இல்லாத ரொட்டியை அது தின்றதே இல்லை.

போன மாதம் அத்தானுக்குக் கடுங்காய்ச்சல். விடியுமுன் எழுந்து சட்டையைத் தேடியவர் சுவரோடு சரிந்தார். அக்கா சட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். நான்தான் மேனேஜருக்குப் போன் செய்தேன். வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அதைக் கேட்டதும் அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்தார். கை கொதித்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார். சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தாராம். ஒரு நாள்தானே, நெடி கூடுதலாக அடித்தால் அவளே ஒதுக்கிவிடுவாள் என்று நினைத்தாராம்.

புது ஆள், மேனேஜர் சொன்னபடி, இரண்டு புட்டி ஊற்றினான். அந்தப் பெண் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்குப் பசி, அம்மாவுக்கு முன்னால் எடுத்துத் தின்றுவிட்டது.

உயிர் பிழைத்தது. தொண்டை வெந்துவிட்டது. இப்போதும் குழாய் வழியாகத்தான் கஞ்சி போகிறது.

விஷயம் தெரிந்ததும் அத்தான் காய்ச்சலோடு நடந்தே போய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கத்தவில்லையாம். நாற்காலியில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நிதானமாகச் சொன்னாராம்:

"நான் ஊத்தச் சொன்னது விஷம்னு ஊருக்கே தெரியும். அதைத் திங்கலாம்னு பழக்கிவிட்டது நீங்கதான்."

அன்றே வேலை போனது. விஷத்தை ஊற்றச் சொன்னது யார் என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டாமா என்றேன். அத்தான் சொன்னார்:

"அவர் சொன்னதுலயும் பாதி நெசம் இருக்கே, மாப்ளே."

ஆஸ்பத்திரிக்கு நானும் உடன் போனேன். வராந்தாவில் குத்துக்காலிட்டிருந்த அந்தப் பெண், திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தோம். எழுந்து நின்றாள். "நாளைக்கு நீங்கதானே ஊத்துவீங்க, அண்ணே?" என்று கேட்டாள்.

இப்போதும் அவர் விடியுமுன் கிளம்பிப் போகிறார். கடையின் பின்வாசலுக்கு எதிரே நின்று, தொட்டியில் கைவிட வருகிறவர்களைத் தடுக்கிறார். அவர்களுக்குக் கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. நேற்று ஒரு பெரியவர், "குப்பையில கிடக்குறதக்கூடத் திங்க விடமாட்டியா? உன்னை மாதிரி ஆளுங்களுக்குத்தாண்டா கம்பெனிக்காரன் சோறு போடுறான்" என்று காறித் துப்பினாராம். அத்தான் அதை அக்காவிடம் வேடிக்கைபோலச் சொல்லத் தொடங்கினார். பாதியிலேயே எழுந்து கை கழுவப் போய்விட்டார்.